மலையிலிருந்து கடல் வரை: குமானோ கோடோ நடைப்பயணம் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆறு, ஏழு பேர் சேர்ந்து ஜப்பானின் குமானோ கோடோ பாதையில் நடக்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் போகும்.

குமானோ கோடோன்னா என்ன? மலையேற்றமா, கோயில் யாத்திரையா?

இரண்டும்தான். ஒசாகாவுக்குத் தெற்கே கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கீ தீபகற்பம் பெரும்பாலும் மலை. அங்கே ஹோங்கு, ஹயதமா, நாச்சி என்று மூன்று பெரிய ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றை அடைய ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நடந்த பாதைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் குமானோ கோடோ என்று பெயர். கியோத்தோவிலிருந்து பட்டம் துறந்த பேரரசர்களே நடந்து வந்திருக்கிறார்கள், கோ-ஷிரகாவா மட்டும் 30 தடவைக்கு மேல். பிற்பாடு எளிய மக்களும் திரளாக வரத் தொடங்கியதும் 'எறும்புச் சாரை போலக் குமானோ யாத்திரை' என்று ஜப்பானில் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது.

2004-இல் யுனெஸ்கோ இந்தப் பாதைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாம் நடப்பது அவற்றில் ஒன்றான நகஹெச்சி, அந்தப் பேரரசர்கள் வந்த வழி. தகிஜிரி என்ற இடத்தில் மலைக்குள் நுழைந்து, ஹோங்கு ஆலயத்தைத் தொட்டு, நாச்சி அருவி வழியாகப் பசிபிக் கடற்கரையில் இறங்குவது நம் திட்டம்.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கணும்?

சுமார் 65 கி.மீ., ஐந்து நாள். முதல் நாள் தகிஜிரியிலிருந்து தகஹாரா வரை 4 கி.மீ.தான், ஆனால் தொடக்கமே செங்குத்தான ஏற்றம். இரண்டாம் நாள் சிகட்சுயு கிராமத்தைத் தாண்டி ட்சுகிசகுரா வரை 13 கி.மீ. மூன்றாம் நாள்தான் நீளமானது, ஹோங்கு வரை 21 கி.மீ., காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலைக்குள் போய்ச் சேரலாம். அன்று இரவு பக்கத்திலேயே உள்ள யுனோமினே வெந்நீர் ஊற்றுக் கிராமத்தில் தங்கல்.

நான்காம் நாள் உகெகாவா வரை பேருந்தில் போய், அங்கிருந்து கோகுமோத்தோரி என்ற மலையைக் கடந்து கோகுச்சி வரை 13 கி.மீ. ஐந்தாம் நாள் ஓகுமோத்தோரியைக் கடந்து நாச்சி வரை 14.5 கி.மீ. தூரத்தைப் பார்த்து ஐந்தாம் நாளை லேசாக நினைக்கிறவர்கள் அதிகம். மூன்றாம் நாளைவிட அதுதான் கடினம், காரணத்தைக் கீழே முட்டிவலிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

அங்க எப்படிப் போறது? விசா வேணுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் வரலாம். எல்லோரும் ஒசாகாவில் கூடுவோம். ஷின்-ஒசாகாவிலிருந்தோ தென்னோஜியிலிருந்தோ குரோஷியோ விரைவு ரயிலில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கீ-தனபே நிலையம். அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் தகிஜிரி. பேருந்துகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் முந்தின இரவே தனபேயில் தங்கிவிடுவது நிம்மதி.

ஏன் ஆறேழு பேருக்கு மேல சேர்க்க மாட்டேங்கறீங்க? இருபது பேர் போனா செலவு குறையுமே?

குறையாது. இந்தப் பாதையில் பெரிய ஓட்டல்கள் கிடையாது. மின்ஷுகு என்று சொல்லும் குடும்ப விடுதிகள்தான், பலவற்றில் மொத்தமே நான்கைந்து அறைகள். அதை நடத்துவதும் பெரும்பாலும் வயதான ஒரு தம்பதி, அவர்களே சமைத்து, அவர்களே பரிமாறி, அவர்களே படுக்கை விரிக்கிறார்கள். ஆறு பேர் போனால் விருந்தாளி, இருபது பேர் போனால் அவர்களுக்குப் பெரிய பாரம்.

இன்னொன்று, பாதை பல இடங்களில் ஒற்றையடிப் பாதை. பெரிய கூட்டம் போனால் வேகமாக நடப்பவர் முன்னால் போய்விடுவார், மெதுவாக நடப்பவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தன்னால் எல்லோருக்கும் தாமதம் என்று குற்ற உணர்ச்சியோடு வருவார். சிறு குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு அவர் வேகத்துக்கே எல்லோரும் நடக்க முடியும். எங்கள் குழுவில் இது ஒன்றுதான் கறாரான விதி. முன்னால் போய்க் காத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் தனியாக வரச் சொல்லிவிடுவேன்.

எனக்கு 58 வயசு, முட்டி வலி உண்டு. என்னால முடியுமா?

எந்த மாதிரி வலி என்பதைப் பொறுத்தது. வீட்டு மாடிப்படியில் இறங்கும்போதே வலித்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், ஏனென்றால் இந்தப் பாதையில் ஏற்றம் மூச்சைத்தான் சோதிக்கும், இறக்கம் முட்டியைச் சோதிக்கும். ஐந்தாம் நாள் நாம் புறப்படும் கோகுச்சி ஏறக்குறைய கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து 870 மீட்டர் உயரத்தில் உள்ள எச்சிசென் கணவாய்க்கு ஒரே மூச்சில் ஏற வேண்டும், அதில் தோகிரி-ஸகா என்ற கடைசிப் பகுதி மிகவும் செங்குத்து. ஏறியதை எல்லாம் அன்று மாலைக்குள் நாச்சி பக்கம் கல் படிகளில் இறங்கியும் தீர வேண்டும். அந்தக் கற்களில் பாசி படிந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும்.

எழுபது வயதைத் தாண்டிய ஜப்பானியர்கள் இதே பாதையில் சிரித்துப் பேசிக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். வயது தடையில்லை, பழக்கம்தான் முக்கியம். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம், முனையில் ரப்பர் போட்டது, இல்லாவிட்டால் பழைய கற்கள் தேய்ந்துபோகும். ஐந்தாம் நாள் மட்டும் வேண்டாம் என்றால் கோகுச்சியிலிருந்து பேருந்தில் ஷிங்கு என்ற கடலோர ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு நாச்சிக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போறவன். தனியா பயிற்சி வேணுமா?

வேண்டும். பழனிக்கு நடந்தவருக்கு நாள் முழுக்க நடக்கும் மனமும் கொப்புளத்தைச் சமாளிக்கும் அனுபவமும் இருக்கும், அது பெரிய பலம். ஆனால் அது தார்ச்சாலையில் சமதளத்தில் நடந்தது. இங்கே மர வேர், கல் படி, ஈர மண், நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொடை தசை வேறு மாதிரி வேலை செய்யும்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள் அடுக்குமாடிப் படிகளில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள், முதுகில் ஐந்து கிலோ பையோடு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் எந்தக் குன்று இருந்தாலும் சரி, திருவண்ணாமலையோ பர்வதமலையோ கொல்லிமலையோ, அதில் நாலைந்து மணி நேரம். நடைக்கு வாங்கும் காலணியையே பயிற்சிக்கும் போடுங்கள். புதுக் காலணியோடு தகிஜிரியில் வந்து நின்றால் இரண்டாம் நாளே குதிகால் தோல் உரிந்துவிடும்.

பெட்டியை யார் தூக்கறது?

நீங்கள் தூக்க வேண்டாம். ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டியை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை இங்கே நன்றாக நடக்கிறது. காலையில் வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பினால், மாலை போய்ச் சேரும்போது பெட்டி உங்களுக்கு முன்னால் அங்கே இருக்கும். முன்பதிவு செய்துகொள்ள வேண்டும், கட்டணம் தூரத்தைப் பொறுத்தது.

முதுகுப் பையில் இருக்க வேண்டியவை: மழைச்சட்டையும் மழைக்கால்சட்டையும், இரண்டு லிட்டர் தண்ணீர், விடுதியில் கட்டிக்கொடுக்கும் மதிய உணவு, தலையில் மாட்டும் விளக்கு, ஒரு மாற்றுக் காலுறை, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டி, உங்கள் மருந்துகள், கொஞ்சம் ரொக்கம், குப்பைக்கு ஒரு பை. பாதையில் குப்பைத்தொட்டி எங்கும் இருக்காது, மிட்டாய்க் காகிதம்கூடத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குடையை நம்பாதீர்கள், இரு கையிலும் ஊன்றுகோல் இருக்கும்போது குடையை எங்கே பிடிப்பது?

எந்த மாசம் நல்லது? மழை வந்தா நடக்க மாட்டோமா?

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, பிறகு அக்டோபர், நவம்பர். ஜூனில் பருவமழை தொடங்கிவிடும், ஆகஸ்டில் புழுக்கம் தாங்காது, செப்டம்பரில் புயல்கள் வரும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்னால், அதனால்தான் தலைவிளக்கு.

மழை வந்தால் நடப்போம். கீ தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள ஒவாசே ஊரில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,000 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் காடும் அருவியும் இப்படி இருப்பதே அந்த மழையால்தான், அதனால் ஐந்து நாளில் ஒரு நாளாவது நனைவோம் என்று மனதைத் தயார்செய்துகொண்டு வாருங்கள். மூடுபனிக்குள் தேவதாரு மரங்களைப் பார்க்க எனக்கு வெயில் நாளைவிட மழை நாள்தான் பிடிக்கும். ஆனால் கனமழை எச்சரிக்கையோ புயலோ இருந்தால் நடை கிடையாது. 2011-இல் வந்த புயல் இந்தப் பகுதியில் பல உயிர்களைப் பறித்தது, மலைச்சரிவுகள் அப்படியே பெயர்ந்து விழுந்தன, ட்சுகிசகுராவுக்கும் ஹோங்குவுக்கும் நடுவே பாதையின் ஒரு பகுதியை மூடி மாற்றுவழி போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு நடக்கலாமா என்பதை விடுதிக்காரர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நான் சுத்த சைவம். அஞ்சு நாள் பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியச் சமையலில் கண்ணுக்குத் தெரியாத மீன் உண்டு. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்ற கஷாயம், அது பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் செய்தது. சைவம் என்று சொன்னால் இறைச்சி இல்லை என்று மட்டும் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. எனவே முன்பதிவு செய்யும்போதே 'மீன் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், முட்டை சரி' (அல்லது சரியில்லை) என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிவிடுகிறோம். சில விடுதிகள் கடற்பாசியிலும் காளானிலும் தாஷி செய்து அருமையாகச் சமைத்துத் தருகின்றன. சிலர் முடியாது என்பார்கள், அப்போது வேறு விடுதி பார்ப்போம். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, மலைக்குள் கடை எங்கே இருக்கிறது?

சோறு, டோஃபு, மலைக்கீரைகள், ஊறுகாய் எப்போதும் கிடைக்கும். உமெபோஷி என்ற உப்பிலிட்ட புளிப்புப் பழம் இந்த வாகயாமா மாகாணத்தில்தான் ஜப்பானிலேயே அதிகம் விளைகிறது, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். மெஹாரி-சூஷி என்று ஊறவைத்த கீரை இலையில் சுற்றிய சோற்று உருண்டை இந்த ஊர்க் கட்டுச்சோறு, உள்ளே என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, தொக்கு, புளிக்காய்ச்சல் கொண்டு வரலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி, இறைச்சி கலந்த எதுவும் கொண்டு வராதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

வெந்நீர் ஊத்துல எல்லாரும் துணி இல்லாமத்தான் குளிக்கணுமாமே? எனக்குக் கூச்சம்.

பொதுக் குளியலறையில் ஆமாம். ஆண்கள் தனி, பெண்கள் தனி. வெளியில் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. ஒருவரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள், 21 கி.மீ. நடந்து வந்த கால்களோடு முதல் தடவை இறங்கியவுடன் கூச்சம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

அப்படியும் வேண்டாம் என்றால் யுனோமினேயில் ட்சுபோயு இருக்கிறது. ஓடைக்கு நடுவே ஒரு சின்ன மரக்குடிசைக்குள் ஒன்றிரண்டு பேர் மட்டும் இறங்கக்கூடிய கல்குழி, யாத்திரிகர்கள் ஆலயத்துக்குப் போகும் முன் உடலைத் தூய்மை செய்துகொண்ட இடம், உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. முறைச்சீட்டு வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கலாம். பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளியலில் விடாத இடங்கள் உண்டு, அவர்களுக்கும் இதுதான் வழி. பக்கத்திலேயே கொதிக்கும் ஊற்றில் முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகவைத்துக்கொள்ளலாம்.

மாதவிலக்கு நாள்ல கோயிலுக்குள்ள போகலாமா?

பெண்கள் தனியாக வந்து மெதுவாகக் கேட்கும் கேள்வி, அதனால் இங்கே தெளிவாகவே எழுதுகிறேன். போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அது இன்றைய நாகரிகத்தால் வந்த சலுகையும் இல்லை. ஹோங்குவுக்குச் சற்று முன்னால் ஃபுஷிஓகாமி என்ற மேடு இருக்கிறது, ஹோங்கு முதன்முதலாகக் கண்ணில் படும் இடம். ஹெயான் காலத்து அரசவைப் பெண் கவிஞர் ஒருவர் இவ்வளவு தூரம் நடந்து வந்து அங்கே மாதவிலக்கு ஆகிவிட, இனி உள்ளே போக முடியாதே என்று வருந்திக் கவிதை எழுதினாராம். அன்றிரவு குமானோ தெய்வமே கனவில் வந்து, நானே இந்த உலகத்துத் தூசியோடு கலந்திருப்பவன், எனக்கென்ன தீட்டு, வா என்றதாம். மறுநாள் அவர் போய் வழிபட்டார் என்பது கதை.

ஆண், பெண், ஏழை, பணக்காரர், நோயாளி என்று பார்க்காமல் எல்லோரையும் ஏற்றதால்தான் குமானோவுக்கு அவ்வளவு கூட்டம் வந்தது. எல்லா இடமும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், இதே பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஓமினே மலையின் ஸன்ஜோகதாகே சிகரத்தில் பெண்களுக்கு இன்றும் அனுமதி இல்லை. அது நம் பாதையில் வராது.

நாங்க வேற மதம். அங்க கும்பிடணுமா? எப்படிக் கும்பிடறது?

கட்டாயம் ஒன்றும் இல்லை, எங்கள் குழுவில் எல்லா மதத்தினரும் வருகிறார்கள், நம்பிக்கையில்லாதவர்களும் வருகிறார்கள். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் ஆலயத்தில் வழக்கம், இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை குனிவது. புத்தக் கோயிலில் கை தட்டக் கூடாது, வெறுமனே கைகூப்பலாம்.

நாச்சியில் இதுதான் குழப்பும். நாச்சி ஆலயமும் செய்கந்தோ-ஜி என்ற புத்தக் கோயிலும் சுவரோடு சுவராக இருக்கின்றன. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன, மெய்ஜி அரசு 1868-இல் தெய்வங்களையும் புத்தர்களையும் பிரிக்கச் சொல்லி ஆணையிட்ட பிறகுதான் பிரிந்தன. கீழே 133 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழும் நாச்சி அருவியே தெய்வம், அதற்கு முன்னால் உள்ள ஆலயத்தில் மூலக் கட்டடம் கிடையாது. அருவியைப் பார்த்துத்தான் வணங்குகிறார்கள். குற்றாலத்தில் வளர்ந்த ஒரு நண்பர் அங்கே வந்து குளிக்க முடியாதா என்று கேட்டார், முடியாது.

கரடி, பாம்பு எல்லாம் இருக்கா?

இருக்கின்றன. கரடி அரிது, ஆனால் பையில் ஒரு மணியைக் கட்டிக்கொள்ளுங்கள், சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும். மமுஷி என்ற குட்டையான விஷப்பாம்பு ஈரமான புல்லில் கிடக்கும், பாதையை விட்டு விலகாதீர்கள், உட்காரும் கல்லைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது ராட்சதக் குளவிக்குத்தான். இலையுதிர் காலத்தில் அவற்றுக்குக் கோபம் அதிகம். கறுப்பு உடை, வாசனைத் தைலம் வேண்டாம். ஒன்று வந்து சுற்றினால் கையை வீசாமல் மெல்லப் பின்வாங்குங்கள். குளவிக்கடி ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிட வேண்டும், மருந்தும் கையில் இருக்க வேண்டும்.

நடுவுல முடியலைன்னா என்ன பண்றது? ஆம்புலன்ஸ் வருமா?

ஹோங்கு வரைக்கும் பாதை அங்கங்கே சாலையைத் தொட்டுக்கொண்டு போகிறது, சிகட்சுயு போன்ற ஊர்களில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். ஓகுமோத்தோரி நாள் அப்படி இல்லை. கோகுச்சியை விட்டுக் கிளம்பினால் நாச்சிதான் அடுத்த ஊர், கைபேசிச் சிக்னலும் பல இடத்தில் வராது. அதனால் முந்தின இரவே ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறோம் என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருப்பவர் காலையில் பேருந்து, மேலே 58 வயதுக்காரர் கேள்வியில் சொன்ன வழி.

பாதையில் 500 மீட்டருக்கு ஒரு எண் போட்ட கம்பம் இருக்கிறது. தகிஜிரியில் 1-இல் தொடங்கி ஹோங்குவில் 75. அவசரம் என்றால் 119-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் மீட்புக்குழுவுக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பயணக் காப்பீடு இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை.

எல்லாரும் ஹோங்குவோட முடிச்சுக்கறாங்களே, நாமளும் மூணு நாள்ல முடிச்சா என்ன?

நான் அதிகம் வாதாடுவது இந்தக் கேள்வியோடுதான். ஹோங்கு பெரிய இடம், அதில் சந்தேகமில்லை. ஆற்றங்கரையில் ஓயுனோஹாரா என்ற பழைய இடத்தில்தான் ஆலயம் இருந்தது. 1889 வெள்ளத்தில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போக, மிஞ்சியதைப் பிரித்து எடுத்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். பழைய இடத்தில் இப்போது கட்டடம் எதுவும் இல்லை, புல்வெளியும் மரங்களும்தான், நுழைவில் 2000-இல் எழுப்பிய 33.9 மீட்டர் உயரத் தோரி வாயில். பார்த்து நெகிழ்ந்துபோய், இதுதான் முடிவு என்று பேருந்தில் ஏறிவிடுகிறார்கள்.

ஆனால் பழைய யாத்திரிகர்கள் அங்கே நிற்கவில்லை. மூன்று ஆலயங்களுக்கும் போனார்கள், அதில் இரண்டு கடலோரம் பக்கம் இருக்கின்றன. ஹோங்குவிலிருந்து ஆற்றில் படகில் ஷிங்குவுக்கு இறங்கி ஹயதமாவை வணங்கி, கடற்கரை வழியாக நாச்சிக்குப் போய், அங்கிருந்து மலையேறி இந்த ஓகுமோத்தோரி வழியாகத் திரும்பினார்கள். நாம் அதைத் தலைகீழாக நடக்கிறோம், கடலை நோக்கி. ஹோங்கு வரைக்கும் உள்ள காடு பெரும்பாலும் நட்டு வளர்த்த தேவதாரு. கடைசி இரண்டு நாளில்தான் ஆள் நடமாட்டம் குறைந்து பாதை பழைய பாதையாகிறது. நான்காம் நாள் ஹ்யக்கென்-குரா என்ற பாறை விளிம்பில் நின்றால் மலைக்குப் பின்னால் மலையாக அடுக்கி வைத்தது போல் தெரியும், வந்த வழி முழுவதையும் அங்கேதான் புரிந்துகொள்ள முடிகிறது. ஐந்தாம் நாள் கோகுச்சியிலிருந்து ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பாசி மூடிய பெரும் பாறை ஒன்று, அதில் சமஸ்கிருத பீஜாட்சரங்கள் செதுக்கியிருக்கும், மூன்று ஆலயத் தெய்வங்களும் வந்து அமர்ந்து பேசிக்கொண்ட இடம் என்பார்கள். கணவாய்களைத் தாண்டி ஃபுனாமி வந்ததும் மரங்களுக்கு நடுவே பசிபிக் பெருங்கடல். நான்கு நாள் மலையைத் தவிர வேறொன்றும் பார்க்காத கண்ணுக்கு அது என்ன செய்யும் என்பதை நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். நேரம் இல்லை என்றால் முதல் இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் வழியில் உள்ள ஹொஷ்ஷின்மோன் என்ற இடம் வரை பேருந்தில் வந்து அங்கிருந்து ஹோங்குவுக்கு 7 கி.மீ. மட்டும் நடக்கலாம். கடைசி இரண்டு நாளை விடாதீர்கள்.

நாச்சி ஆலயத்தோட நடை முடிஞ்சுதா? கடல்ல கால் வைக்க முடியுமா?

முடியும், வைக்கத்தான் வேண்டும். நாச்சியிலிருந்து தைமோன்-ஸகா என்ற கல்படி வழியாக, இருபுறமும் பெருமரங்கள் நிற்க, கீழே இறங்கலாம். பலர் அங்கே பேருந்து பிடித்து கீ-கட்சுவுரா துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். கால் இடம் கொடுத்தால் நாச்சி ரயில் நிலையம் வரை வாருங்கள், அடுத்த நாள் காலை வந்தாலும் சரி. அங்கே ஃபுதராகுசன்-ஜி என்று ஒரு சிறிய கோயில் இருக்கிறது, தமிழர்கள் தவறவிடவே கூடாத இடம்.

கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர், ஜப்பானில் கன்னோன், தெற்கே கடலுக்கு அப்பால் பொதலகம் என்ற மலையில் இருக்கிறார் என்று நம்பினார்கள். அதைத் தேடித் துறவிகள் இந்தக் கரையிலிருந்து படகில் புறப்பட்டார்கள், 9-ஆம் நூற்றாண்டிலிருந்து பல நூற்றாண்டுகளாக. படகின் அறைக்குள் ஒரு மாதத்துக்கான உணவோடும் விளக்கெண்ணெயோடும் உட்காரவைத்து வெளியிலிருந்து அடைத்து, கடலில் இழுத்துக்கொண்டுபோய்க் கயிற்றை அறுத்துவிடுவார்கள். திரும்பி வருவதற்கான பயணம் இல்லை அது. அப்படிப்பட்ட படகு ஒன்றை மறுபடி செய்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பொதலகம் எங்கே? 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனப் பயணி யுவான் சுவாங் அதைத் தென்னிந்தியாவின் மலய மலைப் பக்கம் இருப்பதாக எழுதினார். அது நம் பொதிகைதான் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று 11-ஆம் நூற்றாண்டுப் பௌத்த இலக்கணமான வீரசோழியம் சொல்கிறது, ஆக இந்த நம்பிக்கை நம் பக்கத்திலும் இருந்திருக்கிறது. செய்கந்தோ-ஜி கோயிலை நிறுவியவரே இந்தியாவிலிருந்து கடலில் ஒதுங்கிய ஒரு துறவி என்பது அந்தக் கோயிலின் மரபுக்கதை. திருநெல்வேலிக்காரர் யாராவது குழுவில் இருந்தால் அவரை வைத்துத்தான் இதைச் சொல்லச் சொல்வேன்.

முத்திரை, சான்றிதழ் ஏதாவது தருவாங்களா?

வழியில் ஓஜி எனப்படும் சிறு சன்னிதிகளின் பக்கத்தில் மரப்பெட்டிக்குள் முத்திரை இருக்கும், கையேட்டில் நீங்களே குத்திக்கொள்ளலாம். ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரையையும் முடித்தவர்களுக்கு 'இரட்டை யாத்திரிகர்' சான்று உண்டு. குமானோ பக்கத்தில் தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரை 38 கி.மீ. நடந்தால் போதும், சாந்தியாகோவில் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும், அல்லது சைக்கிளில் 200 கி.மீ.

செலவு எவ்வளவு ஆகும்?

இரவு உணவும் காலை உணவும் சேர்த்து விடுதிக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்குத் தோராயமாக 10,000 முதல் 16,000 யென். அதோடு மதிய உணவு, பேருந்து, பெட்டி, ஒசாகா ரயில். விமானம், விசா தனி. பல விடுதிகளில் ரொக்கம்தான், கார்டு எடுக்காது. தனபேயிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வழிகாட்டிக் கட்டணம் வாங்குவதில்லை, அவரவர் செலவை அவரவர் விடுதியில் நேராகக் கொடுத்துவிடலாம்.

உங்க குழுவுல இடம் இல்லைன்னா நாங்களே நாலு பேர் சேர்ந்து போகலாமா?

தாராளமாகப் போகலாம். வழிகாட்டிப் பலகைகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, தவறான கிளைப்பாதையில் 'இது குமானோ கோடோ அல்ல' என்றுகூடப் பலகை வைத்திருக்கிறார்கள். தனபே நகரச் சுற்றுலா அமைப்பு நடத்தும் குமானோ டிராவல் தளத்தில் விடுதி, பெட்டி, மதிய உணவு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம்.

ஒரே ஒரு யோசனை. எல்லோரும் முதல் நாள் விடுதியிலிருந்து வரிசையாகப் பதிவு செய்வார்கள், கடைசியில் கோகுச்சியில் இடம் இருக்காது, அதனாலேயே ஹோங்குவோடு திரும்புகிறவர்கள் உண்டு. நீங்கள் கோகுச்சியில் முதலில் இடம் பிடியுங்கள், அங்கே தங்குமிடங்கள் மிகக் குறைவு. அந்தத் தேதி உறுதியானதும் அதிலிருந்து பின்னோக்கி யுனோமினே, ட்சுகிசகுரா, தகஹாரா என்று வாருங்கள். வசந்த கால நடைக்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே தேடத் தொடங்கிவிடுங்கள், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஜப்பானியப் பொது விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.